ஒரு ஆள் கூடினால்

எதிர் விகிதம் புரியவில்லை என்று நான் கணக்குச் சொல்லித்தரும் பிள்ளைகள் கண்ணைக் கசக்கினால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஏழாம் வகுப்பில் என்னையே கணக்காகப் போட்டுக் காட்டினார்கள். அப்புறம் எப்படிப் புரியாமல் போகும்?

திண்டிவனத்தில் ஒரு பெண்கள் விடுதியில் பொங்கல் முடிந்து சேர்ந்தேன். என் அறையில் ஏற்கெனவே ஆறு பேர் இருந்தார்கள். காலையில் அறைக்கு ஒரு டிரம் தண்ணீர் வைப்பார்கள். குளிக்க, துவைக்க எல்லாம் அதுதான். மொத்தம் நாற்பத்திரண்டு மக். நான் வரும்வரை ஆளுக்கு ஏழு மக், வந்த மறுநாளே ஆறு. அறையில் மூத்தவள், ஒன்பதாவது படிக்கிறவள், எண்ணி எண்ணித்தான் ஊற்றுவாள். ஆள் கூடினால் பங்கு குறையும், இரண்டையும் பெருக்கினால் வருவது மட்டும் மாறாது என்று வகுப்பில் நடத்தியது அந்த வாரம்தான். கரும்பலகையில் பிடிபடாதது டிரம் பக்கத்தில் நின்றபோது பிடிபட்டுவிட்டது.

"இவ போனா நமக்குப் பழையபடி ஏழு" என்றாள் மூத்தவள், என் காதில் விழும்படியே.

ஒரு மக் தண்ணீருக்காக ஒரு பிள்ளையைத் துரத்துவார்களா என்று கேட்கலாம். மாசி வெயிலில் தலையெல்லாம் சோப்பு நுரையோடு, கழுவக் கடைசி மக் இல்லாமல் நின்று பார்த்தால் தெரியும். விடிவதற்குள் என் பாயில் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நான் படுக்கையிலேயே மூத்திரம் போகிறேன் என்று வார்டனிடம் சொன்னார்கள். ஒரு வாரம் விடாமல் இதையே செய்தார்கள். கொட்டிய தண்ணீர் யார் பங்கு என்று அவர்களில் ஒருத்தியும் கேட்டுக்கொள்ளவில்லை.

வார்டன் என் அம்மாவை வரச்சொன்னார். பெருமுக்கல் பக்கம் நிலக்கடலைக் கழனியில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தவள், மண் ஒட்டிய புடவையோடு வந்து நின்றாள்.

"நாத்தம் தாங்கலன்னு மத்த பொண்ணுங்க சொல்லுதுங்க. கூட்டிக்கினு போம்மா."

"எங்க வீட்ல ஒரு நாளும் இப்டிப் போனதில்லீங்க மேடம்" என்றாள் அம்மா.

ஆறு பேரும் வாசலில் நின்று சிரித்தார்கள். நான் அழவில்லை. பஸ்ஸில் அம்மா என் தொடையைக் கிள்ளிக்கொண்டே வந்தாள்.

அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். வயதுக்கு வந்த பெண்ணை வீட்டில் தனியாக விட முடியாதென்று மறுநாள் அம்மா என்னையும் கழனிக்கு அழைத்துப் போனாள். உள்ளூர எனக்குச் சந்தோஷம். படிப்பு போனால் போகிறது, அம்மா பக்கத்திலேயே இருக்கலாம் என்று நினைத்தேன். நிலத்துக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கூலி தந்தால் கேஸாகிவிடும், சும்மா கூடமாட இருக்கட்டும் என்றார். அம்மாவுக்கு நல்ல பிள்ளையாகக் காட்டவேண்டும் என்று நானும் விறுவிறுவென்று செடிகளைப் பிடுங்கிப்போட்டேன். என் கை வேகம் எனக்கே எதிரியாகும் என்று அப்போது தெரியவில்லை.

மதியம் கூழ் குடிக்க உட்கார்ந்தோம். தெருவில் பார்த்தால் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சும் பக்கத்து வீட்டுச் சித்தி, என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னாள்.

"இன்னாக்கா இது? எட்டுப் பேரு இன்னும் ஒம்போது நாள் செய்ற வேல கெடக்குது. இதுவும் சேந்துக்கினா எட்டு நாள்லயே முடிஞ்சிடும். அவருக்கு இன்னா, சும்மா கெடச்ச ஆளு. நம்ம எட்டுப் பேருக்கும்தான் ஒரு நாள் கூலி போவுது."

"வார்டன் கால்ல வுழுந்தாச்சும் ஆஸ்டல்லயே வுட்டுடுக்கா" என்றாள் இன்னொருத்தி.

நான் அம்மாவைப் பார்த்தேன். எம்பொண்ணு எங்கூடத்தான் இருப்பா, வாய மூடுங்கடி என்று ஒரு சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். அவள் பச்சை மிளகாயைக் கடித்தாள், கூழைக் குடித்தாள், தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"நாளைக்கே கொண்டும்போய் வுட்டுடறேன்" என்றாள்.

ஆறு பேர் சிரித்தபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது. அந்த எட்டுப் பேரில் அம்மாவும் ஒருத்தி.