நான் கத்தரித்துவிட்ட எலி

கல்லீரல் நோய்க்கு மருந்து கண்டுபிடித்தாகிவிட்டது என்று தலைப்புப் போடுகிறவர்களை என் கடைக்கு ஒருமுறை வரச் சொல்லுங்கள். பேச வேண்டியிருக்கிறது.

திருத்தணியில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஒருநாள் பேப்பரில் திரவப் படிகம் பற்றி ஒரு செய்தி. எல்சிடி திரைக்குள் இருக்கிற சரக்கு. தண்ணீர் மாதிரி ஓடும், படிகம் மாதிரி வரிசையாகவும் நிற்கும். அதில் புதுசாக ஒன்று செய்திருக்கிறார்களாம். அதைத் தொட்டுப் பிழைக்கிறவனுக்குப் பெருமை வராதா? கத்தரித்து, கண்ணாடிக் கதவின் உள்பக்கம் தெருவைப் பார்த்து ஒட்டினேன். பின்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கிற அறிவு எனக்கு ஏது?

பத்து நாளில் பள்ளிப்பட்டிலிருந்து அக்கா போன் செய்தாள்.

"உன் கடையில இன்னாடா படிச்சாரு உங்க பாவா? புது மருந்து வருதாம், பழைய மாத்திரைய நிறுத்திட்டாரு. காலு வீங்கிகினே போவுது."

பாவாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, கல்லீரல் சுருங்கிவிட்டது. மாத்திரையில்தான் வண்டி ஓடுகிறது. ஆஸ்பத்திரிக்கு வந்தால் என் கடையில் உட்கார்ந்துதான் பஸ்ஸுக்குக் காத்திருப்பார். அந்த நாற்காலிக்கு நேரே கதவு.

கதவுக்கு ஓடிப்போய்ப் பின்பக்கத்தைப் படித்தேன். 'கல்லீரல் நோய்க்குப் புதிய மருந்து: தழும்பும் மறைந்தது!' அதற்குக் கீழே என் கத்திரி வேலையைக் காட்டியிருந்தது. மிச்சத் தாளை மேஜைக்கடியில் தேடி எடுத்தேன். கடைசி வரி: 'இதுவரை எலிகளுக்கு மட்டுமே கொடுத்துப் பார்த்துள்ளனர்.'

எலியைத் தலைப்பில் போட்டால் பேப்பரைக் கடித்துவிடுமா ஐயா?

பள்ளிப்பட்டுக்குப் பைக்கில் பாதி தூரம் போன பிறகுதான் கவனித்தேன்: ஹெல்மெட் கையில் தொங்குகிறது, தலையில் ஒன்றுமில்லை. உள்ளேயும்தான்.

"எலிக்குக் குடுத்த மருந்து பாவா அது! நீங்க எலியா?"

"அப்ப ஏன்டா கதவுல ஒட்ன? உன் கடைக்கு எலியா வருது?"

"அது பின்பக்கம் பாவா!"

"உள்ள குந்திகினு இருக்கறவனுக்கு அதான்டா முன்பக்கம்."

பைக்கில் அவரை அப்படியே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் கேட்டதும் பாவா அமைதியாக என்னைக் கைகாட்டினார்: "இவன்தான் சார் ஒட்னான்." வயிற்றிலும் தண்ணீர் கோத்திருந்தது. நான்கு நாள் படுக்கை. திட்டு முழுக்க எனக்கு. தலைப்புப் போட்டவனுக்கு ஒரு வார்த்தை கிடையாது!

பாவா தேறிவிட்டார். இப்போது கடைக்கு வந்தால் முதலில் கதவை இரண்டு பக்கமும் பார்க்கிறார். பிறகு என் எதிரிலேயே மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து காட்டுகிறார்.

"பாத்துக்கோ, எலி டாக்டரு."

வரும்போதெல்லாம் திட்டட்டும். வாய் காலியாக இருந்தால் எனக்குப் போதும்.