முதல் வரியில் ஒரு சுழி

சத்யப்பிரியா வீட்டைப் பூட்டினால் பூட்டை நாலு முறையாவது இழுத்துப் பார்ப்பாள். பஸ் ஏறிய பிறகு எதிர்வீட்டுக்குப் போன் போட்டு, "கேஸ் அணைச்சிருக்குதான்னு சன்னல் வழியாப் பாருங்க" என்பாள். "நான் தாலி கட்டுனதுலகூட இவளுக்குச் சந்தேகந்தானுங்க, தினமும் தொட்டுப் பாத்துக்கறா" என்று அவள் புருஷன் அருள்செல்வன் கேலி செய்வான். அனுப்பர்பாளையத்தைத் தாண்டி இருக்கிறது எங்கள் சாயப்பட்டறை. அவள் கம்ப்யூட்டர் பார்க்கிறாள், அவன் சாய மிஷின் ஓட்டுகிறான், நான் அவளுக்குப் பக்கத்து மேஜையில் கலர் ஒத்துப் பார்க்கிறேன். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த மிஷின் பழசு. உள்ளே தண்ணீர் கொதிநிலைக்கு மேல் நிற்கும். அழுத்தம் முழுக்க இறங்கிய பிறகுதான் மூடியைத் திறக்கலாம். எங்கள் எலக்ட்ரீஷியன் மகுடேஸ்வரன் அதற்கு ஓர் ஏற்பாடு செய்திருந்தார். மிஷினில் இரண்டு அழுத்த மீட்டர், அவற்றைப் படிக்க ஒரு கம்ப்யூட்டர், அதில் பைத்தான் மொழியில் அவரே எழுதிய சின்ன புரோகிராம். அழுத்தம் பூஜ்யம் என்றால் மூடியருகே பச்சை லைட் எரியும். அது எரியாமல் யாரும் மூடியில் கை வைக்கக் கூடாது. போன மாசியில் அதே மூடியைத் திறந்தபோது கொதிநீர் அடித்து அவரே செத்துப்போனார். லைட்டைப் பார்க்காமல் திறந்துவிட்டார் என்று ஆபீஸில் பேசி முடித்துவிட்டார்கள். அவரைத் தெரிந்த எனக்கு அந்தப் பேச்சு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

அவர் எதை எழுதினாலும் உச்சியில் பிள்ளையார் சுழி போடுகிறவர். கேட் பாஸில்கூட ஒரு 'உ' இருக்கும். இந்தப் புரோகிராமில் மட்டும் அது நடக்கவில்லை. முதல் வரியில் தமிழ் எழுத்தைப் பார்த்தால், அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த பழைய பைத்தான் பிழை என்று நின்றுவிடும், புரோகிராம் ஓடாது. புதிய பைத்தானுக்கு அந்தத் தொல்லை இல்லை. "பிள்ளையாரையே வெளிய நிக்க வெக்குதுங்க இந்தப் பொட்டி" என்று எங்களிடம் குறைபட்டுக்கொள்வார்.

ஆடியில் மேனேஜர் தரணீதரன் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். அதில் இருந்தது புதிய பைத்தான். முழுசாக மாறும்வரை ஒரே புரோகிராம் இரண்டிலும் ஓட வேண்டும் என்றார். சத்யப்பிரியா புரோகிராம் எழுதித் திருத்தும் தன் எடிட்டர் மென்பொருளை அதற்குத் தக்கபடி அமைத்தாள். ஃபைலில் எது மாறினாலும் எடிட்டர் அதைப் பழைய பைத்தானிடமும் புதிய பைத்தானிடமும் காட்டிக் கேட்கும். எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதன் பெயரோடு வரியோரம் சிவப்புப் புள்ளி விழும். நாலைந்து இடம் திருத்தினாள், இரண்டும் ஒத்துக்கொண்டன. அன்றைக்கு அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

மறுநாள் காலை, ஃபைலின் முதல் வரியில் சிவப்புப் புள்ளி. பழையது ஏற்கவில்லை, புதியது ஏற்றிருந்தது. வரியைப் பார்த்தாள். அதில் ஒரு 'உ' இருந்தது.

யாரோ விளையாடுகிறார்கள் என்று அழித்துவிட்டு, லைட்டுக்காகப் புரோகிராமைப் பழையபடி ஓடவிட்டாள். அடுத்த நாளும் வந்தது. பாஸ்வேர்டை மாற்றினாள், நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கி வைத்தாள், மறுபடியும் வந்தது. ஃபைல் கடைசியாக மாறிய நேரத்தைப் பார்த்தால் அவளே முந்தின நாள் சேமித்த நேரம்தான் இருந்தது. "உனக்குத் தூக்கம் பத்தல" என்று நான் சிரித்தேன்.

மறுநாள் மத்தியானம், நல்ல வெயிலில், இரண்டு பேரும் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். கீபோர்டில் யார் கையும் இல்லை. முதல் வரி ஒரு இடம் கீழே இறங்கியது. மேலே காலியான இடத்தில் 'உ' வந்து நின்றது. ஓரத்தில் சிவப்புப் புள்ளி விழுந்தது. நான் பயந்துபோனேன், அவ்வளவுதான், அதை மறைக்க என்ன இருக்கிறது.

அந்நேரம் பார்த்து அருள்செல்வன் போன் செய்தான். "பிரியா, துணி எறக்கோணும், லைட்டே வல்லியே. போட்டு உடு கண்ணு."

அவள் அந்த எழுத்தை அழித்தாள். பழைய கம்ப்யூட்டரில் புரோகிராமை ஓடவிட்டாள். எங்கள் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மிஷினில் பச்சை எரிந்தது. அவன் மூடியை நோக்கிப் போனான். எதையும் இரண்டு முறை பார்க்கிறவள் இல்லையா, அதே புரோகிராமைப் புதுக் கம்ப்யூட்டரிலும் முதல் தடவையாக ஓடவிட்டாள்.

அது, திறக்காதே என்றது.

மீட்டர்கள் அவைதான், வரிகளும் அவைதான். ஒரு மீட்டர் அழுத்தம் 1 என்று காட்டியது, பஞ்சு அடைத்த இன்னொரு மீட்டர் பூஜ்யம் காட்டியது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்குவதுதான் புரோகிராமின் கணக்கு. புதியது அரை என்றது. பழைய பைத்தான் முழு எண்ணைப் பாதியாக்கினால் மிச்சத்தை உதறிவிடும், அதனால் பூஜ்யம் என்றது. இரண்டுக்கும் எழுத்தில் பிழை இல்லை, ஆகவே எடிட்டருக்கும் சொல்ல ஒன்றுமில்லை.

மிஷின் இரைச்சலில் கத்தினால் கேட்காது. அவன் கை மூடியின் பிடியில் இருந்தது. சத்யப்பிரியா மேஜைக்கு அடியில் பாய்ந்து பழைய கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினாள். பச்சை அணைந்தது. அவன் கையை எடுத்துவிட்டு எங்களைப் பார்த்து, என்ன என்று சைகை காட்டினான்.

பிறகு பக்கவாட்டு வால்வைத் திறந்தார்கள். உள்ளே மிச்சம் இருந்த ஆவி அலறிக்கொண்டு வெளியேறிக் கூரைத் தகரம் வரைக்கும் போயிற்று. அருள்செல்வன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மகுடேஸ்வரன் லைட்டைப் பார்த்துவிட்டுத்தான் திறந்திருக்கிறார்.

சத்யப்பிரியா மேஜைக்கு அடியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. பிளக்கைக் கையில் இறுக்கிக்கொண்டு அழுதாள். நானும் குனிந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, அவரு தினமும் லைட்ட அணைச்சுட்டேதானுங்க இருந்திருக்காரு," என்றாள். "நாந்தானுங்க தினமும் போட்டு உட்டேன்."