குதியை இறக்கிய எட்டு மாதங்கள்

என் மனைவியின் குதி உயர்ந்த சப்பாத்துகள் ஐந்து சோடியையும் அவளைக் கேட்காமல் பையில் கட்டி, பழஞ்சாமான் சேர்க்க வந்தவரிடம் கொடுத்தவன் நான்தான்.

அவள் கொஞ்சம் கட்டை. கந்தோரில் வேலை பார்த்த முப்பது வருடமும் இரண்டு அங்குலக் குதி இல்லாமல் வெளியே இறங்கியதில்லை. அவள் ஓய்வுபெற்ற பிறகு நான் பாத நலம் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். உயர்ந்த குதி கூடாது என்று இருந்தது. விஞ்ஞானம் படித்தவன் என்ற திமிரில் மிச்சத்தை வாசிக்கவில்லை. மெல்லிய தட்டைச் செருப்பொன்றை வாங்கிக் கொடுத்து, காலையில் கடற்கரை வீதியால் நடக்கக் கூட்டிப்போனேன்.

மூன்றாம் வாரம், கட்டிலால் இறங்கியவள் சுவரைப் பிடித்தாள். வலது குதிக்காலுக்கு மேலே பின்பக்கம் இழுத்தது.

“ஏலாதப்பா. இண்டைக்கு விடுங்கோ.”

“உமக்குச் சோம்பல். நடந்தால் போயிடும்.”

இன்னும் பதினைந்து நாள் நடந்தாள். பிறகு அந்த இடம் தடித்து வீங்கியது. குசினிக்குப் போவதற்கே கதிரையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனாள்.

அவளுக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. மகளின் பிரசவம் நல்லபடி முடிந்ததற்காக, கோட்டை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே குன்றின் மேலிருக்கும் கோணேசர் கோயில் வரை வெறுங்காலோடு ஏற வேண்டும். “ஓட்டோவில கொண்டுபோய் விடுறன்” என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

கிண்ணியாவிலிருந்து வரும் இளம் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போனோம். அவர் பாதத்தை மடக்கிப் பார்த்தார்.

“முந்தி என்ன போட்டு நடந்தீங்க, அன்ரி?”

“ஹீல்ஸ். முப்பது வருசம்.”

“ஆரு நிப்பாட்டினது?”

மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பிசியோதெரபிஸ்ட் பிள்ளையும் என்னைப் பார்த்தது.

“ஹீல்ஸ விட்டது பிழையில்ல, அங்கிள். ஒரே நாள்ல விட்டதுதான் பிழை. கெண்டைக்கால் தசை கட்டையாகிப் பழகியிருக்கு. திடீரெண்டு தட்டையில நடந்தா, ஒவ்வொரு அடிக்கும் அந்தத் தசையக் குதியோட இணைக்கிற குதிநாண் இழுபடும். வெறுங்காலோட ஏற்றம் எண்டா இன்னும் மோசம். பழைய உயரத்துக்கே போய், அங்கயிருந்து மெல்ல இறங்குவம்.”

சந்தைக்குப் பக்கத்தில் சப்பாத்துத் தைப்பவரிடம் போய், ஒரு சோடித் தட்டைச் சப்பாத்துக்குக் குதியின் கீழே நாலு அடுக்கு றப்பர் ஒட்டுவித்தேன். சப்பாத்தின் பின்விளிம்பு குதிநாணில் முட்டாதபடி நடுவில் வெட்டியும் கொடுத்தார். காலையில் நோ இல்லாமல் எழும்பும் நாட்கள் தொடர்ந்தால் மட்டும் ஓர் அடுக்கை உரிக்க வேண்டும். அதோடு தினமும் படியின் விளிம்பில் நின்று குதியை மெல்லக் கீழே இறக்கும் பயிற்சி. எண்ணுவது என் வேலை.

“விஞ்ஞானி எண்ணுறார், பிழைக்காது” என்பாள்.

இரண்டாம் அடுக்கில் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒருநாள் சப்பாத்தும் கத்தியுமாக இருந்த என்னைக் கண்டுவிட்டாள்.

“கத்தியை வையுங்கோ. நான் சொல்லேக்கதான் உரிக்கிறது. கால் என்ட.”

வைத்தேன். அந்த அடுக்குக்கு மட்டும் மூன்று மாதம் போனது.

கடைசி அடுக்கு போய், வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்து பழகி, எட்டாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கோட்டை வாசலில் இறங்கினோம். நான் பின்னால் நடந்தேன். அவளுடைய குதிக்கால்களைத் தவிர நான் வேறெதையும் பார்க்கவில்லை. ஏற்றத்திலும் இரண்டும் முழுதாய் நிலத்தில் பதிந்தன. வலது காலை அவள் ஒரு தடவைகூடத் தாங்கி வைக்கவில்லை.

பாதி வழியில் சொன்னேன்: “உம்மைக் கேக்காமல் செய்தது என்ட பிழை. நோகுது எண்டு சொன்ன பிறகும் நடக்க வைச்சது அதைவிடப் பிழை.”

“ஓம், பிழைதான்” என்றாள், நிற்காமலே. “அதுக்காக ஏன் நிண்டு கதைக்கிறீங்கள்? நடவுங்கோ.”

கோயில் வாசலுக்கு என்னிலும் நன்றாக முந்திப் போய்ச் சேர்ந்தாள். நான் கிட்டப் போனபோது கைபேசியில் மகளோடு கதைத்துக்கொண்டிருந்தாள்.

“ஓமடி, நடந்துதான் வந்தனான். ஒரு நோவும் இல்லை. அப்பாவோ? இப்பதான் இழுத்து இழுத்து வாறார்.”