எரிமலை முன் ஷூவைக் கழற்றிய கோபாலசாமி

என் சகலை கோபாலசாமியைப் புகழ, ஹூஸ்டனை ஒட்டிய எங்கள் சுகர் லேண்டில் நூறு பேர் இருக்கிறார்கள். அதனால் அந்த வேலை எனக்கு இல்லை. உள்ளதை மட்டும் எழுதுகிறேன்.

என் மனைவி ருக்மிணியின் தங்கை பர்வதத்தைக் கட்டியவன். எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர். நான் எட்டாவதோடு நின்றவன். திருப்பூரில் சைக்கிளில் பால் ஊற்றினேன். பிறகு கரண்டி பிடித்தேன். ஓட்டல் சமையல்காரனாக ஹூஸ்டன் வந்து, இப்போது விசேஷங்களுக்குக் கேட்டரிங் செய்கிறேன்.

யார் வீட்டில் தோட்டத்து ஸ்பிரிங்க்ளர் கெட்டாலும் கோபாலசாமி ஸ்க்ரூ டிரைவரோடு நிற்பான். ஊரிலிருந்து யாருடைய அப்பா அம்மா வந்தாலும் ஏர்போர்ட்டில் அவன் கார் நிற்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். அவன் கதை சொல்வதைத்தான் பொறுக்க முடியாது. ஆளுக்கொன்று சமைத்து எடுத்துவரும் பாட்லக் விருந்தில் என் சாம்பாரைத் தின்றுகொண்டே எல்லோரும் அவன் வாயைப் பார்ப்பார்கள். அலாஸ்காவில் கரடி பார்த்த கதையை எத்தனை தடவை சொன்னாலும் ருக்மிணி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. எனக்கென்று ஒரே ஒரு கதை வேண்டும், அதை நான் சொல்ல அவள் சிரிக்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

2017-இல் குடும்பத்தோடு ஹவாய் போனோம். ஒரு நாள் காலை கோபாலசாமி காபியோடு வந்தான்.

"சகல, இங்க நெருப்பு ஆறாட்டம் ஓடுதுங்க. கைடு ஒருத்தரு சைக்கிள்ல கூட்டிட்டுப் போயி, அப்புறம் நடத்திக் கூட்டிட்டுப் போயிக் காட்டுவாராமா. நம்ம மூணு பேருக்கும் புக் பண்ணீட்டேன். பர்வதத்துக்குத்தான் முட்டி வலி, அவ வரல."

சைக்கிள் என்றதும் எனக்குள் ஒரு மணி அடித்தது. அவன் கார்க்காரன். இந்த ஒன்றில் என்னைத் தொட முடியாது.

தொடவும் முடியவில்லை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கறுத்து உறைந்த எரிமலைக் குழம்பு, நடுவே சரளைக்கல் ரோடு. நான் பறந்தேன். அவன் ஆடி ஆடி வந்தான்.

"பாத்துப் போங்க, கீழ கீழ விழுந்து வைக்காதீங்க!" என்று ருக்மிணி கத்தினாள். என்னைத்தான் சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவனைச் சொல்லியிருக்கிறாள்.

சைக்கிளை நிறுத்திவிட்டுப் பாறைமேல் நடந்தோம். எல்லாம் கண்ணாடிச் சில்லு மாதிரி. ஷூவை யாரும் கழற்றக் கூடாது என்று கைடு கிளம்பும்போதே சொல்லியிருந்தார். முதலில் போய் நின்றது நான்தான். வெல்லப்பாகு பதத்தில் நெருப்பு நகர்ந்தது. மேலே சாம்பல் நிறத்தில் ஆடை கட்டியது, ஆடை கிழிந்தது, உள்ளேயிருந்து மறுபடி சிவப்பு வழிந்தது. வாழ்க்கை முழுக்க அடுப்பு முன்னால் நின்ற எனக்கே முகம் காந்தியது.

"ருக்கு, நெருப்போட என்னைய ஒரு போட்டோ எடு!"

அவள் போனைத் தூக்கினாள். தூக்கியவள் என்னைத் தாண்டிப் பார்த்தாள்.

எனக்குப் பின்னால் கோபாலசாமி ஷூவையும் சாக்ஸையும் கழற்றி ஓரமாக ஜோடியாக வைத்துவிட்டு, கண்ணை மூடிக் கைகூப்பி நடந்துகொண்டிருந்தான். கோயில் வாசல் என்று நினைப்பு!

"யோவ் சகல, கல்லு கொதிக்குதுய்யா!"

காதில் விழவில்லை. இன்னும் நாலடி வைத்தான். அப்புறம் போட்டான் ஒரு சத்தம். கைடு ஓடிவந்து இழுத்தார். உள்ளங்கால் இரண்டும் கொப்புளம், போதாததற்குக் கீறல். கூட வந்த வெள்ளைக்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஸோ பியூட்டிஃபுல்" என்றாள்.

மருந்து தடவி, துணி சுற்றி, என் தோளில் தொங்கிக்கொண்டே சைக்கிள் வரைக்கும் வந்துவிட்டான். பெடலை மிதிக்க முடியவில்லை. வண்டி வர நேரமாகும் என்றார் கைடு. அவர் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்ட, நான் அவனை என் சைக்கிள் முன்பாரில் உட்காரவைத்தேன். இரண்டு பால் கேன் கட்டி ஓட்டினவனுக்கு இவன் என்ன பாரம்? சரளையில் ஒரு இடத்தில்கூடக் காலை ஊன்றாமல் ரோட்டு முனைக்குக் கொண்டுவந்தேன். வழியெல்லாம் மனசுக்குள் கதையை அடுக்கினேன். இது என் கதை. என்னுடையது மட்டும்.

அடுத்த பாட்லக்கில் சாம்பார் வாளியை இறக்கிவைத்து, தொண்டையைச் செருமினேன். அதற்குள் கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு அவன் ஆரம்பித்துவிட்டான்.

"அக்னி பகவான் முன்னாடி ஷூவோட நிக்க மனசு வருமாங்க? கழட்டீட்டேன். ஆனா கேளுங்க, நெசமான ஹீரோ எங்க சகல. முன்பார்ல என்னைய உக்கார வெச்சு அடிச்சாரு பாருங்க டபுள்ஸ்! எனக்குக் கால் வலிய விட உக்காந்த எடம்தான் வலிச்சுது!"

கூட்டம் உருண்டது. ருக்மிணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் ஓட்டின சைக்கிளை நானே இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன். அதுதான் வயிறு எரிகிறது.

"உங்க சகலைக்கு சாம்பார் ஊத்துங்க" என்றாள் ருக்மிணி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஊற்றினேன். கொதிக்கக் கொதிக்க.