கொண்டி இல்லாத கதவு

போன மாதம்வரை எங்கள் வீட்டு வாசல்கதவில் பூட்டு மாட்ட இடம் கிடையாது. கெட்டியான வேப்பம் பலகைக் கதவு. உள்பக்கம் பார்த்தால் மேலே ஒரு தாழ்ப்பாள், நடுவில் ஒன்று, கீழே ஒன்று, அதுவும் போதாதென்று குறுக்கே போட ஒரு கட்டை. வெளிப்பக்கம் பார்த்தால் மஞ்சளும் குங்குமமும் வைத்த வெறும் பலகை. கொண்டி இல்லை, வளையம் இல்லை, ஒன்றும் இல்லை. கடத்தூர்ப் பக்கம் எத்தனையோ வீடு பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பூட்டவே முடியாத வீடு எங்களுடையது ஒன்றுதான். வேலைக்கு வருகிற ஆசாரிகள் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கொண்டி வெக்க மறந்துட்டாங்களா?" என்று கேட்பார்கள். மறக்கவில்லை. வேண்டாமென்றுதான் வைக்கவில்லை. என் மாமனார் போட்ட சட்டம் அது. அவர் சட்டம் போட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்தச் சட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தது நான்.

மாமனாருக்குப் பூட்டு என்றாலே ஆகாது. அவர் சின்னவராக இருந்த காலத்தில் குடும்பம் மொத்தமும் தேர் பார்க்கப் போயிருக்கிறது. கதவில் பெரிய பூட்டு. திரும்பி வந்து பார்த்தால் பூட்டு போட்டது போட்டபடி தொங்குகிறது. திறந்து உள்ளே போனால் சோறு வடிக்கிற பானைகூட இல்லை. வந்தவன் பூட்டைத் திறந்து, இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு, போகும்போது ஒழுங்காகப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். பொருள் போனதைக்கூட மாமனார் மறந்துவிட்டார், அவன் பூட்டிவிட்டுப் போனதைத்தான் கடைசிவரை மறக்கவில்லை. "பூட்டு தொங்குனா என்னா அர்த்தம்? ஆளில்ல, உள்ள வாங்கன்னு நாமளே எழுதி மாட்டறோம்" என்பார். அதனால் இந்த வீட்டைக் கட்டும்போது கொண்டியே வைக்கவில்லை. பின்பக்கம் ஒரு கதவு இருந்ததாம், அதையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். மாட்டுக்குக் கழனித்தண்ணி ஊற்ற வேண்டுமென்றால் வாசல் வழியாக வந்து வீட்டைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கேட்டால், "நடந்தா உடம்புக்கு நல்லது" என்பார். நடக்கிறவர் அவர் இல்லையே.

பூட்ட முடியாத வீட்டில் எந்நேரமும் ஓர் ஆள் உள்ளே இருந்தாக வேண்டும். மாமனார் இருக்க மாட்டார், அவருக்கு ஊரில் ஆயிரம் சோலி. எங்கள் வீட்டுக்காரர் காடு, மாடு, சந்தை என்று போய்விடுவார். அப்படியானால் யார்? நான் பாப்பாரப்பட்டிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வரும்வரை என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், காவலுக்கு இருந்திருக்கிறார். நான் வந்து மறுவீட்டு விருந்தெல்லாம் முடிந்த கையோடு, அத்தை ஒரு காலையில் தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு, பையில் ஒரு சேலையைத் திணித்துக்கொண்டு நின்றார். "எங்க அக்காளைப் பாத்து எத்தனையோ வருசமாச்சு. இனிமே நீ இருக்கற இல்ல" என்றார். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் அந்த வயசில் அவர் ஓடின ஓட்டத்தை நான் வாசலில் நின்று பார்த்தேன். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் ஓடினார் என்று புரிய எனக்குக் கொஞ்ச காலம் ஆனது.

சரி, அப்படிக் காவல் காக்க உள்ளே என்னதான் இருந்தது? ஒரு குதிர் ராகி, நாலைந்து மூட்டைப் புளி, அத்தையின் ஒரே பட்டுச்சேலை. இதற்காக நான் எதையெல்லாம் பார்க்காமல் விட்டேன் என்று நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. ஊரில் பத்திரிகை வைக்காத கல்யாணம் கிடையாது. எல்லோரும் குளித்துக் கிளம்புவார்கள், நான் உள்ளே இருந்து தாழ்ப்பாள் போடுவேன். சாயந்தரம் திரும்பி வந்து என் கையில் தாம்பூலப் பையைக் கொடுப்பார்கள். எத்தனையோ கல்யாணத்துத் தேங்காயை நான் துருவியிருக்கிறேன், ஒன்றில்கூட மேளச்சத்தம் கேட்டதில்லை.

என் தம்பிக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் அம்மாவுக்கு நானும் தம்பியும்தான். மாப்பிள்ளை தாலிகட்டி முதல் முடிச்சுப் போட்டதும் மற்ற முடிச்சைப் போடுவது கூடப்பிறந்தவளின் உரிமை. அதை மாமனாரிடம் போய்ச் சொன்னேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "அங்க ஆளா இல்ல? யாராச்சும் போடுவாங்கம்மா" என்றார்.

"யாராச்சும் போடறதுக்கு எங்கம்மா இன்னொரு பொண்ணப் பெக்கலீங்க மாமா."

"வூட்டுல யாரு இருக்கறது?"

அத்தை அடுப்படியிலிருந்தே பேசினார். "சட்டம் போட்டவரே ஒரு நாளைக்கு இருக்கட்டும். வூடு என்ன, உங்களைக் கடிச்சுத் திங்கவா போவுது?"

மாமனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னமோ என்னால முடியாத வேலை மாதிரி பேசற! போங்க, எல்லாரும் போங்க. நான் இருக்கேன்" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை நம்ப முடியாமல், மனசு மாறுவதற்குள் கிளம்பிவிட வேண்டுமென்று துணியை மூட்டை கட்டினேன். கல்யாணத்துக்கு முதல்நாள் அவருக்குச் சோறு, குழம்பு எல்லாம் ஆக்கி வைத்துவிட்டு, கைக்குழந்தையாக இருந்த என் மகனைத் தூக்கிக்கொண்டு, வீட்டுக்காரர், அத்தை எல்லோரும் பஸ் ஏறினோம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். மொரப்பூர் ரோட்டில் இருந்த புளியமரத்தையெல்லாம் புதிதாகப் பார்க்கிறவள் போலப் பார்த்துக்கொண்டு போனேன்.

மறுநாள் காலை முகூர்த்தம். மேளம் கொட்டுகிறது, தம்பி தாலியைக் கட்டுகிறான், நான் பின்னால் குனிந்து கயிற்றைக் கையில் வாங்கிவிட்டேன். ஏதோ தோன்றி நிமிர்ந்து பார்த்தால் பந்தலில் முதல் வரிசையில், கஞ்சி போட்ட வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, மீசையை நீவிக்கொண்டு என் மாமனார் உட்கார்ந்திருக்கிறார்! எனக்குக் கை நின்றுவிட்டது. இவர் இங்கே என்றால் வீட்டில் யார்? ஐயர் ஒரு பக்கம், என் அம்மா ஒரு பக்கம், "முடிச்சுப் போடு, முடிச்சுப் போடு" என்று கத்துகிறார்கள். என்ன போட்டேன், எப்படிப் போட்டேன் என்று எனக்கே தெரியாது. அண்ணி போட்ட முடிச்சு கழுத்தை இறுக்கிவிட்டது என்று தம்பி பெண்டாட்டி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

பந்தியில் போய் அவர் இலைக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் வடையைப் பாயசத்தில் முக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, வூடு?"

"சத்தம் போடாதம்மா. தாழ்ப்பாள் மூணும் போட்டிருக்கேன். கட்டையும் போட்டிருக்கேன்."

"அத்தனையும் உள்ள போட்டுட்டு நீங்க எப்படி வெளிய வந்தீங்க?"

வடையை மென்று முடித்தார். பிறகு, "பரண்மேல ஏறி, ஓட்டைப் பிரிச்சுத்தான்" என்றார். "அந்தப் பக்கம் ஏணி சாத்தி வெச்சிருந்தேன்."

அத்தை தலையில் கைவைத்துக்கொண்டார். "கள்ளனுக்கு இனி என்ன வேலை பாக்கி? வழியும் போட்டு, ஏணியும் வெச்சுட்டு வந்திருக்காரு, விருந்து சாப்பிட!"

"பின்ன என்ன பண்றது?" என்று மாமனார் என்னைப் பார்த்துக் கேட்டார். "ஒத்தையா உக்காந்துட்டு எத்தனை நேரம் சுவத்தையே பாக்கறது? பைத்தியம் புடிச்சிடாது?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். சுவரைப் பார்த்தே வயசு போய்க்கொண்டிருந்த என்னை. நான் அவர் இலையில் இன்னொரு கரண்டிப் பாயசத்தை ஊற்றிவிட்டு நகர்ந்தேன். வேறென்ன செய்ய?

சாயந்தரம் வெளிச்சம் இருக்கும்போதே ஊர் வந்து சேர்ந்தோம். தெருமுனையில் திரும்பினால் எங்கள் வீட்டைச் சுற்றி ஊரே நிற்கிறது. ஆம்பிளைகள் கையில் தடி, பக்கத்து வீட்டு அக்கா கையில் உலக்கை. ஒருத்தி முறத்தில் மிளகாய்த்தூள் வைத்துக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டு அக்காதான் ஓடி வந்தாள்.

"மாமா, மூச்சுக் காட்டாதீங்க. கள்ளன் உள்ளதான் இருக்கான். காலைல சாணி தெளிக்க வந்தேன், ஏணி சாத்தியிருக்குது, ஓடு பிரிஞ்சு கெடக்குது. கதவைத் தள்ளிப் பாத்தா உள்பக்கம் தாழ்ப்பாள். நீங்க பஸ் ஏறினதைப் பால்காரர் பாத்திருக்கார். நீங்க வெளிய போயிட்டீங்கன்னா உள்ள தாழ்ப்பாள் போட்டது யாரு? அதான் ஒருத்தரும் நகரல. சோறுகூட இங்கயேதான் தின்னோம்."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. எல்லாம் சரியாகத்தான் யோசித்திருந்தார்கள். உள்ளே ஆள் இல்லை என்பதைத் தவிர. மாமனார் ஏணியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் துண்டை எடுத்துத் தலையில் இறுக்கிக் கட்டினார். பக்கத்தில் நின்றவரிடமிருந்து தடியை வாங்கினார். "ஏணியைப் புடிங்க. என் வூடு, நானே எறங்கறேன்" என்றார்.

காலையில் இறங்கின வழியிலேயே ஏறிப் போனார். ஊர் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறது. உள்ளேயிருந்து சத்தம் வருகிறது. "டேய், நில்லுடா! எங்கடா ஓடற!" தடி எதிலோ அடிக்கிற சத்தம். பானை உடைகிற சத்தம். எங்கள் வீட்டுக்காரர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை என் காதருகில், "போச்சு, என் ஊறுகாய்ப் பானை" என்றார். கொஞ்ச நேரத்தில் கட்டை விழுந்தது, தாழ்ப்பாள் ஒவ்வொன்றாகத் திறந்தது. மாமனார் மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே வந்து, "தப்பிச்சுட்டான். எப்பவோ ஓட்டு வழியாப் போயிருக்கான். பொருள் ஒண்ணும் போவல" என்றார். காலையிலிருந்து காவல் நின்றவர்கள், யார் நின்ற பக்கமாக அவன் தப்பித்தான் என்று அங்கேயே சண்டை போட ஆரம்பித்தார்கள். அந்தச் சண்டை வெகுநாள் ஓடியது. பக்கத்து வீட்டு அக்காவின் புருசன், பாவம், பீடி பற்ற வைக்க ஒரு நிமிசம் ஒதுங்கினாராம். அவர் தலையில்தான் அந்தப் பழி விழுந்தது.

இதுவரைகூட நான் பொறுத்துக்கொள்வேன். அடுத்த வாரம் மாமனார் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்: "பாத்தியாம்மா? ஒரே ஒரு நாள் நீ வூட்டுல இல்ல. என்ன ஆச்சு பாத்தியா?"

நான் அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று. இல்லை. நிஜமாகவே கவலைப்படுகிற முகம். தன் காலடித் தடத்தைத் தானே பார்த்துப் பயந்துபோன மனிதரிடம் என்ன பேச முடியும்? அதன்பிறகு சட்டம் இன்னும் இறுகியது. கள்ளனை எதிர்த்து ஒற்றை ஆளாக இறங்கின கதையை அவர் வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். வருசம் போகப் போகக் கள்ளன் வளர்ந்துகொண்டே போனான். கடைசியில் அவன் கையில் அரிவாள்கூட வந்துவிட்டது. நான் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போவேன். ஊர் முன்னால் என் மாமனார் தலைகுனிந்து நிற்பதை நான் பார்க்கமாட்டேன். அந்த ரோசம் எனக்கும் உண்டு, நானும் அந்த வீட்டு ஆள்தானே. ஆனால் உள்ளுக்குள் புகைந்ததை மட்டும் அணைக்க முடியவில்லை.

அவர் போனார், அத்தை போனார், எங்கள் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார். சட்டம் மட்டும் போகவில்லை. என் பிள்ளைகளின் கல்யாணமெல்லாம் வாசலிலேயே பந்தல் போட்டு நடந்தது, அதனால் பார்த்தேன். ஓட்டுக்கூரையைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டோம். மகன் கேமரா வைத்தான். ஆனால் கதவு தாத்தா நினைவு என்று அப்படியே விட்டான், கொண்டியும் இல்லாமல். இப்போது அவன் மகளுக்குக் கல்யாணம், தர்மபுரியில் மண்டபம். போன மாதம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து தயங்கித் தயங்கிச் சொல்கிறான்: "ஊருக்கெல்லாம் பத்திரிகை குடுத்தாச்சு. அன்னிக்கு வூட்டுல ஆளிருக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும். கேமராவுல கள்ளன் மூஞ்சி தெரியும், ஆனா கேமரா எழுந்து போய் அவனைப் புடிக்காதில்ல? நீ இருந்துக்கம்மா. தாலி கட்டறப்ப நான் வீடியோ கால் போடறேன்."

"நான் மட்டும் எழுந்து போய்ப் புடிப்பனாடா, இந்த முட்டியை வெச்சுட்டு?"

"அதுக்கில்லம்மா. தாத்தா காலத்துல ஒரு நாள் வூட்டுல ஆளில்லாமதான…"

அவ்வளவுதான். "உக்காரு" என்றேன். பஸ், பந்தி, வடை, பரண், ஏணி, ஊறுகாய்ப் பானை எல்லாவற்றையும் சொன்னேன். தாத்தாவின் வீரத்தைத் தன் ஆபீஸ்வரைக்கும் சொல்லி வைத்திருந்தவன் அவன். கேட்டுவிட்டு எழுந்து போய்க் கதவின் வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தான். "அப்ப கள்ளனே வரலியா?" என்றான். "வந்தான். வேட்டி கட்டிட்டு, திருநீறு பூசிட்டு வந்தான்" என்றேன். மறுநாள் அவனே போய்க் கொண்டி வைக்க ஆசாரியைக் கூட்டி வந்தான். பழைய வேம்பு, துளை போட ஆசாரிக்கு வேர்த்துவிட்டது. "கல்லு மாதிரி இருக்குதும்மா" என்றார். "அப்படித்தாங்க இருக்கும், நீங்க போடுங்க" என்று பக்கத்திலேயே நின்றேன்.

கல்யாணத்தன்று காலையில் எல்லோரும் வேனில் ஏறிவிட்டார்கள். ஆரன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும் என்று நான் கடைசியாக வெளியே வந்தேன். கூடத்துச் சுவரில், வாசலைப் பார்த்தபடி மாமனார் படம். அதே மீசை, அதே நெற்றி நிறையத் திருநீறு. மாலையை நேராக்கிவிட்டு, "மாமா, நாங்க போயிட்டு வந்துடறோம். வூட்டைப் பாத்துக்குங்க" என்றேன். கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டேன். என் ஆயுசில் அந்த வீட்டை நான் வெளியிலிருந்து பூட்டியது அதுதான் முதல் தடவை. பூட்டு விழுந்தபோது அவர் முகம் எப்படி இருக்குமென்று நினைத்துப் பார்த்தேன். சாவியைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, கதவருகில் குனிந்து அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி இன்னொன்றும் சொல்லிவிட்டு வேனில் ஏறினேன்.

"விருந்துக்கு வரலாம்னு பாக்காதீங்க மாமா. இப்ப தளம் போட்டாச்சு."