வடகிழக்கு மூலையில் ஒரு வட்டம்

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியறையில் உட்கார்ந்து, வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் வரைந்து கொடுப்பது என் பிழைப்பு. ஹாலும் சமையலறையும் ஆளுக்கு ஆள் இடம் மாறும். மாறாதது ஒன்றுதான்: வடகிழக்கு மூலையில் ஒரு சின்ன வட்டம். அதுதான் மழைநீர்க் குழி. வட்டம் இல்லாவிட்டால் அனுமதி கிடைக்காது. கிடைத்த பிறகு அதை யாரும் தேடுவதில்லை. பிள்ளையார் சுழி போட்டவன் பிள்ளையார் எங்கே என்றா கேட்கிறான்?

என் வீட்டுப் பிளானிலும் அந்த வட்டம் இருந்தது. நானும் தேடவில்லை.

வீடு விமான நிலையம் போகிற பக்கம், தெருவின் தாழ்ந்த கோடியில். என் மனைவி ஸ்ரீரங்கத்துக்காரி. இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம் என்று வளர்ந்தவள். சித்திரையில் எங்கள் போர்வெல் வெறும் காற்றை இறைக்கும். அப்போது தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு நிற்பாள். ஐப்பசியில் அதே குடத்தால் ஹாலில் நிற்கிற மழைத் தண்ணீரை வாரி வெளியே ஊற்றுவாள். பத்து வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னாள்.

"ஏங்க, இந்த வீட்டுல தண்ணி வெயில்ல வர மாட்டேங்குது, மழையில போக மாட்டேங்குது. வித்துட்டு ஸ்ரீரங்கம் போயிடலாம். புரோக்கர்கிட்ட சொல்லிட்டேன்."

ஊருக்கெல்லாம் வீடு வரைந்தவன் எனக்கென்று வரைந்தது அது ஒன்றுதான். கெஞ்சினேன். அடுத்த சித்திரை வரை தவணை கொடுத்தாள்.

ஆவணியில் அந்தக் குழியைத் தேட, வீட்டைக் கட்டிய கொத்தனாரையே கூப்பிட்டேன். மொட்டைமாடியிலிருந்து வரும் குழாய் சுவரோடு இறங்கி, அழகாக மண்ணுக்குள் போயிருந்தது. ஒரு முழம் தோண்டினார், குழாய் முடிந்துவிட்டது. குழி கிடையாது. மண் புகாமலிருக்கக் குழாயின் வாயில் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்திருந்தது.

"பார்க்க வர்ற அதிகாரிக்குக் குழாய் தெரிஞ்சா போதும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் கொத்தனார்.

பத்து வருஷத்து மழையும் அந்தக் கொட்டாங்குச்சியில் முட்டி, மேலேறி, இணைப்பு வழியே சுவரில் கசிந்திருக்கிறது. நான் ஒவ்வொரு பொங்கலுக்கும் பெயிண்டுக் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே அந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறேன்.

குழி வெட்டி, சிமெண்ட் உறை இறக்கி, ஜல்லியும் மணலும் போட்டாயிற்று. ஐப்பசி முதல் மழையில் எங்கள் மாடித் தண்ணீர் கடகடவென்று உள்ளே போனது. குடை பிடித்துக்கொண்டு நின்று ரசித்தேன். ரசித்துக்கொண்டிருக்கும்போதே தெருத் தண்ணீர் வாசலைத் தாண்டி வந்து என் கணுக்காலைத் தொட்டது. மேட்டு வீடுகளின் மாடித் தண்ணீர் முழுக்கத் தெருவில் இறங்கி எங்களைப் பார்க்க வந்துகொண்டிருந்தது.

"நம்ம தண்ணி உள்ள போயிடுச்சு. இது யாரு வீட்டுத் தண்ணி?" என்றாள் அவள், உள்ளே கட்டில் மேல் ஏறி உட்கார்ந்தபடி.

சொல்லத்தான் வேண்டியிருந்தது. அந்தத் தெருவில் பெரும்பாலான வீடுகளுக்குப் பிளான் போட்டவன் நான். எல்லாவற்றிலும் வட்டம் உண்டு, ஒன்றிலும் குழி கிடையாது. இது எனக்குத் தெரியும். வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்னார்கள், நான் வட்டம் போட்டேன். ஊரையே நாங்கள் இப்படித்தான் வரைந்து வைத்திருக்கிறோம்: மழை வந்தால் விரட்டச் சாக்கடை, வெயில் வந்தால் கெஞ்ச லாரி. சொல்லி முடிக்கும்போது வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை அவள் என் பிளான் சுருள்களைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு "வாங்க" என்றாள். பின்னால் போனேன்.

எதிர்வீட்டு பாய் துபாயிலிருந்து திரும்பியவர். பிளானை விரித்துப் பார்த்தார். வட்டம் இருக்க வேண்டிய இடத்தில் அவர் வீட்டுத் துவைக்கிற கல் இருந்தது.

"இதை ஏதோ சீல்னு நினைச்சேன் தங்கச்சி. தோண்டிருவோம், இன்ஷா அல்லா."

மேட்டு வீட்டு ரிட்டயர்டு தலைமையாசிரியர் லேசில் மசியவில்லை. அவருடைய வட்டத்தின் மேல் கார் நின்றது.

"நான் மேட்டுல இருக்கேன்மா. எனக்கு வெள்ளம் வர்றதில்லையே."

"லாரி வந்தா முதல் ஆளா நிக்கிறீங்களே சார்."

மறுவாரம் கார் தெருவில் நின்றது. உள்ளே மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

கார்த்திகைக்குள் பாதித் தெரு தோண்டிவிட்டது. மீதிப் பாதி வேடிக்கை பார்த்தது. அடுத்த பெருமழையில் தண்ணீர் வரத்தான் செய்தது. எங்கள் இரண்டாம் படி வரை ஏறி, மதியத்துக்குள் வடிந்துவிட்டது. ஹால் நனையவில்லை.

தவணை முடிகிற சித்திரையும் வந்தது. மோட்டாரைப் போட்டேன். கொஞ்சம் இருமிவிட்டுத் தண்ணீர் வந்தது. பத்து நிமிஷம் வந்து நின்றது; சாயங்காலம் இன்னொரு பத்து நிமிஷம். லாரியை அடியோடு நிறுத்த முடியவில்லை, குறைக்க முடிந்தது. இது போதுமா என்று அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த வாரமே புரோக்கர் வீடு வாங்க ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். என் மனைவி பாய் வீட்டுக் குழியின் பக்கத்தில் குந்தி, வேப்பஞ்சருகை அள்ளிக்கொண்டிருந்தாள். அவள் எழுந்திருக்கக்கூட இல்லை.

"விக்கலைங்க. நான் போயிட்டா இந்தத் தெருக் குழியெல்லாம் யாரு தூர் வாருவா? இவரை நம்பியா?"

புரோக்கர் என்னைப் பார்த்தார். நம்பவே வேண்டாம் என்று நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன்.