பெரியம்மா என்று எழுதிய கட்டம்

பிழை பார்ப்பதுதான் எனக்குப் பிழைப்பு. அமெரிக்காவில், டெக்சஸின் சுகர் லேண்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பதினாறு வருடமாக டெஸ்டராக இருக்கிறேன். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் ஓட்டை எங்கே என்று தேடிச் சொல்ல வேண்டும். வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. சாம்பாரில் உப்பு குறைந்தால் நான் விசாரணைக் கமிஷன் வைப்பேன் என்று கணவர் கேலி செய்வார். அப்படிப்பட்டவள் சொந்த வீட்டில் இருந்த ஒன்றை நாற்பத்தொன்பது வருடம் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

போன வருடம் மேமோகிராம் எடுக்கப் போனபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் உண்டா? பெரியம்மாவுக்கு உண்டு. அம்மாவின் அக்கா. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். பெரியம்மாவை 'ஆன்ட், அம்மா வழி' என்று எழுதினேன். எத்தனை வயதில் என்று டாக்டர் கேட்டார். தெரியவில்லை. "அம்மா எப்படி?" என்றார். அறுபத்தெட்டு வயது, என்னைவிட வேகமாக நடப்பாள் என்று பெருமையாகச் சொன்னேன். ரொம்ப நல்லது என்று எதையோ டைப் செய்தார். பெரியம்மாவின் வயதை மட்டும் விசாரித்து வாருங்கள், உங்கள் மகளுக்கும் உதவும் என்றார். மகளுக்கு இருபது வயது, ஆஸ்டினில் படிக்கிறாள்.

வயதை மட்டும் கேட்டிருந்தால் போதும். எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்ய வராது. வம்சாவளியையே எழுதிவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை டைனிங் டேபிளில் சார்ட் பேப்பரை விரித்தேன். எப்படித் தொடங்குவது என்று இணையத்தில் படித்தேன். முதலில் உங்களை எழுதுங்கள், பிறகு உயிரோடு இருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள், அவர்கள் சொன்னதைப் பதிவேடுகளோடு ஒப்பிடுங்கள் என்று போட்டிருந்தது. ஒரு வெப்சைட் குடும்பப் பெயரைக் கேட்டது. எனக்கு அப்பா பெயர்தான் கடைசிப் பெயர், அப்பாவுக்கு அவருடைய அப்பா பெயர். தலைமுறைக்கு ஒரு பெயரைக் கொடுத்ததும் அது குழம்பிப்போய், நாங்கள் யாரும் ஒரே குடும்பம் இல்லை என்றது. அன்றைக்கு அதைச் சொல்லிச் சிரித்தோம்.

அம்மா ஒன்பது வருடமாக எங்களோடுதான் இருக்கிறாள். அப்பா இறந்த பிறகு நியூஜெர்சியில் இருக்கும் தம்பி அவளைக் கூப்பிட்டுக்கொண்டான். அங்கே குளிர் தாங்கவில்லை என்று இங்கே வந்துவிட்டாள். பேப்பரைப் பார்த்தவள் பெரியம்மாவின் பெயர் வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றினாள்.

"பெரியம்மா சாகும்போது என்ன வயசும்மா?"

"செத்தவ வயசு இப்ப எதுக்கு ஒனக்கு? வேற சோலி இல்லையாட்டி?"

"டாக்டர் கேக்குறாரு."

"எனக்கு ஞாபகம் இல்ல," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். வைக்காத குக்கருக்கு விசில் வந்துவிட்டது என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. கூடப்பிறந்த அக்கா செத்த வயது எப்படி மறக்கும்? அதுவும் இவளுக்கு. எங்கள் வீட்டில் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் பெரியம்மாவின் போட்டோ இருக்கிறது. தூத்துக்குடி வீட்டில் இருந்தது, பெட்டியில் புடவைகளுக்கு நடுவே வைத்து இங்கேயும் கொண்டுவந்தாள். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அந்தப் படத்துக்கு முன் மெழுகுதிரி ஏற்ற வேண்டும். சின்ன வயதிலிருந்தே அதை நான்தான் ஏற்ற வேண்டும். தம்பி ஓடிவந்தால், "அக்கா ஏத்தட்டும்" என்று அவன் கையைத் தட்டிவிடுவாள். மூத்த பிள்ளை என்பதால் எனக்கு அந்த உரிமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் சொல்லாவிட்டால் என்ன, கோயிலில் பதிவேடு இருக்கிறது. ஊரில் இருக்கும் மாமா மகனுக்கு வாட்ஸப்பில் எழுதினேன். பங்கு ஆபீஸில் பெரியம்மாவின் இறப்புப் பதிவைப் பார்த்துச் சொல், அப்படியே என் ஞானஸ்நானப் பதிவையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, சார்ட்டில் ஒட்டலாம் என்றேன். நான்கு நாளில் இரண்டு படங்கள் வந்தன. இறப்புப் பதிவில் பெரியம்மாவின் வயது இருபத்தாறு. அதைப் பேப்பரில் எழுதிவிட்டு இரண்டாவது படத்தைப் பெரிதாக்கினேன். என் பெயர், தேதி, அப்பா பெயர் எல்லாம் சரி. தாயின் பெயர் என்ற இடத்தில் பெரியம்மாவின் பெயர் இருந்தது.

என் தொழில் புத்தி உடனே வேலை செய்தது. எழுதியவர் அக்கா பெயரையும் தங்கை பெயரையும் மாற்றிப் போட்டுவிட்டார், அந்தக் காலத்து கவனக்குறைவு. என் ஸ்கூல் சர்ட்டிபிகேட்டிலும் பாஸ்போர்ட்டிலும் அம்மா பெயர்தானே இருக்கிறது? 'பதிவில் தப்பு இருக்கு. சாமியாரிடம் சொல்லித் திருத்த முடியுமா?' என்று மாமா மகனுக்கு எழுதினேன். நீல டிக் விழுந்தது. மறுநாள் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"மைனி, தப்பெல்லாம் இல்ல. ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன். அத்தைகிட்ட கேளுங்க. நான் சொன்னேன்னு சொல்லிராதிய."

கூடவே மூன்றாவதாக ஒரு படம் அனுப்பியிருந்தான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடந்த திருமணத்தின் பதிவு. ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. இறந்த மனைவியின் தங்கையை மணக்க ஆயர் அனுமதி கொடுத்ததாக எழுதியிருந்தது. தேதியைப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு ஒன்றரை வயது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். பூதத்தைவிட எனக்கு அவமானம்தான் பெரிதாக இருந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மாமா மகன் என்னைவிடப் பத்து வயது சின்னவன், அவனுக்கும் தெரிந்திருக்கிறது. பெரியம்மா என்ற சொல் எவ்வளவு வசதியான சொல்! அம்மாவின் அக்காவும் பெரியம்மா, அப்பாவின் மூத்த தாரமும் பெரியம்மா. தம்பி எந்த வழியில் கூப்பிட்டாலும் சரியாக வரும். எனக்கு மட்டும்தான் அது பொய். என்னைப் பெற்றவளை நான் பெரியம்மா என்று கூப்பிட்டிருக்கிறேன். சித்தி என்று கூப்பிட வேண்டியவளை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வாரம் அம்மாவோடு சரியாகப் பேசவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து காரில் வரும்போது, ஃப்ரீவேயில் ஏறியதும் கேட்டேன். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால்தான் அங்கே கேட்டேன். "கோயில் ரிஜிஸ்டர் பாத்தேன்" என்று மட்டும் சொன்னேன்.

அம்மா வெகுநேரம் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"ஒங்க அப்பா சொல்லக் கூடாதுன்னுட்டாவ. பிள்ளை ஏங்கிப்போவும்னு. நீ மொதல்ல என்னைச் சித்தின்னுதான் கூப்பிட்ட. அவியதான் மாத்திச் சொல்லிக் குடுத்தாவ. பெறவு சொல்லலாம்னு பாத்தேன். நீ பத்தாவது பரிச்சை எழுதுன. பெறவு காலேஜ். பெறவு ஒன் கலியாணம். நான் எப்பட்டி சொல்ல?"

"எனக்கு நோய் வந்திருந்தா?" என்று கத்தினேன். "டாக்டர்கிட்ட எங்கம்மா நல்லா இருக்காங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். என் பொண்ணுக்கும் சேர்த்துச் சொல்லிட்டு வந்திருக்கேன்!"

"அதுக்குத்தான வருசா வருசம் ஒன்னைப் போ போன்னு வெரட்டுனேன்," என்றாள்.

அது உண்மை. நாற்பது வயதிலிருந்து அந்தப் பரிசோதனைக்குப் போனாயா என்று நச்சரிப்பாள். டி.வி.யில் எதையோ பார்த்துவிட்டுப் பயப்படுகிறாள் என்று எரிந்துவிழுந்திருக்கிறேன். ஆனாலும் கோபம் இறங்கவில்லை. எக்ஸிட்டைத் தவறவிட்டு, ஐந்து மைல் சுற்றி வீட்டுக்கு வந்தோம்.

மகளிடம் போனில் சொன்னேன். அவள் அழவில்லை. "ஸோ, ஆச்சி இஸ் ஸ்டில் ஆச்சி, ரைட்?" என்றாள். ஆமாம் என்றேன். "தென் ஃபிக்ஸ் த ஃபார்ம், மா," என்றாள்.

படிவத்தைத் திருத்தப் போன அன்று அம்மாவும் வருவேன் என்று கிளம்பிவிட்டாள். வேண்டாம் என்றதற்கு, அக்கா நோய் எங்கே தொடங்கியது, எத்தனை மாதம் கிடந்தாள் என்று தனக்குத்தான் தெரியும் என்றாள். வெயிட்டிங் ரூமில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்தார்கள். முதல் கேள்வியே, உங்கள் தாய் உயிரோடு இருக்கிறாரா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். அம்மா என் தோளோடு தோளாக உட்கார்ந்திருந்தாள். என் விரல் எழவில்லை.

"என்ன கேக்கான்?"

சொன்னேன்.

"இல்லன்னு போடு," என்றாள். "பிள்ளைக்கும் சேத்துத்தான கேக்கான். போடுட்டி."

போட்டேன். இறந்த வயது இருபத்தாறு என்று எழுதினேன். பெரியம்மா என்று போன வருடம் நான் எழுதிய கட்டத்தை அழித்தேன். அம்மாவுக்கு அதில் எங்கேயும் இடமில்லை.

கதவு திறந்து நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டாள். நாங்கள் இருவரும் எழுந்தோம். அவள் தன் கையில் இருந்த திரையைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரித்தபடி, "ஆர் யூ ஹெர் மாம்?" என்று கேட்டாள். அந்த அளவு இங்கிலீஷ் அம்மாவுக்குத் தெரியும். எத்தனையோ இடத்தில் எஸ் எஸ் என்று எனக்கு முந்திச் சொன்னவள், அன்றைக்கு வாயைத் திறக்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

ஆமாம் என்றுதான் சொன்னேன். சொல்ல ஒரு நொடி பிந்திவிட்டது. அதை அவள் பார்த்துவிட்டாள்.